சளி ரிப்போர்ட்ல பூஞ்சை, கையில ஸ்டீராய்டு பஃப்: சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்ல ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ், சுருக்கமா சிஎஃப், அதாவது நுரையீரல்ல சளிய கெட்டியாக்கற ஒரு பரம்பரை வியாதி, இருக்கறவங்க வீட்ல அடிக்கடி வர்ற குழப்பம் இது. ரெகுலரா குடுக்கற சளி கல்ச்சர் (சளியில இருக்கற கிருமிய லேப்ல வளர்த்துப் பாக்கற டெஸ்ட்) ரிப்போர்ட்ல எப்பவும் வர்ற பாக்டீரியா பேருக்குக் கீழ புதுசா ஒரு வரி சேர்ந்திருக்கும், ஆஸ்பர்ஜில்லஸ் ஃபூமிகேட்டஸ்னு. தேடிப் பாத்தா அது ஒரு பூஞ்சைன்னு தெரியும். இன்னும் கொஞ்சம் தேடினா ஸ்டீராய்டு எடுக்கறவங்களுக்குப் பூஞ்சை சீக்கிரம் ஒட்டிக்கும்னு எங்கயாவது எழுதியிருக்கும், உடனே கண்ணு நேரா மேசை மேல இருக்கற ஸ்டீராய்டு பஃப் (வாயால இழுக்கற இன்ஹேலர்) மேல போகும், காலைல ரெண்டு ராத்திரி ரெண்டுன்னு வருஷக்கணக்கா இழுத்துட்டு இருக்கோமே, இதுதான் வேலையக் காட்டிடுச்சோன்னு.

பதில முதல்லயே சொல்லிடறேன். பஃப்புக்கு இதுல ஒரு பங்கு இருக்கலாம், ஆனா அதுதான் காரணம்னு இதுவரைக்கும் யாரும் நிரூபிக்கல, அதனால பயந்துபோய் இன்னிக்கு ராத்திரியே நிறுத்திடாதீங்க. அதே சமயம் "இத எனக்கு எதுக்குக் குடுத்தீங்க, இப்பவும் தேவைதானா?"ன்னு டாக்டர்கிட்ட கேக்கறதுக்கு இத விட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. ஏன் இப்படி ரெண்டுங்கெட்டானா பதில் சொல்றேன்னு புரியணும்னா, பூஞ்சை உள்ள என்ன பண்ணுது, பஃப் உள்ள என்ன பண்ணுது, ரெண்டையும் தனித்தனியா பாத்துட்டு அப்புறமா சேத்துப் பாக்கணும்.

நுரையீரல்ல பூஞ்சை எப்படி வந்து குடியேறுது

ஆஸ்பர்ஜில்லஸ் எங்கயோ அழுக்கான இடத்துல மட்டும் இருக்கற அபூர்வமான கிருமி இல்ல. மண்ணு, மக்கிப்போன இலை, வைக்கோல், குப்பை உரம், ஈரம் பிடிச்ச சுவர்னு எல்லா இடத்துலயும் இருக்கு. அது தூள் தூளா விடற வித்துகள் ஒவ்வொண்ணும் 2, 3 மைக்ரான் அகலம்தான், தலைமுடியோட தடிமன்ல இருபதுல ஒரு பங்கு கூட வராது. அவ்வளவு சின்னதா இருக்கறதால மூக்கு, தொண்டையெல்லாம் தாண்டி நுரையீரலோட அடி வரைக்கும் போயிடும். சிஎஃப் இருக்கறவங்க, இல்லாதவங்க எல்லாருமே தினமும் நூத்துக்கணக்குல இத இழுத்துட்டுதான் இருக்கோம்.

இல்லாதவங்களுக்கு ஒண்ணும் ஆகாததுக்கு ரெண்டு காரணம். ஒண்ணு, மூச்சுக்குழாய் உள்பக்கம் தண்ணியா ஒரு சளிப்படலம் இருக்கும், அதுக்குக் கீழ நுண்ணிய முடிகள் ஓயாம அசைஞ்சு அந்தப் படலத்த மேல தள்ளிட்டே இருக்கும், வித்து ஒட்டினா சளியோட மேல வந்து நாம தெரியாமலே முழுங்கிடுவோம். ரெண்டாவது, அதையும் தாண்டி கீழ போறத நுரையீரல்லயே காவல் இருக்கற மேக்ரோஃபேஜ்ங்கற செல்கள் முழுங்கி உள்ளயே கொன்னுடும். தப்பிச்சது முளைச்சு நூல் மாதிரி நீள ஆரம்பிச்சா, ரத்தத்துல இருந்து நியூட்ரோஃபில்னு இன்னொரு வகை வெள்ளை அணு வந்து அத அழிக்கும்.

சிஎஃப்ல முதல் காரணமே அடிபட்டுடுது. ஏழாவது குரோமோசோம்ல இருக்கற சிஎஃப்டிஆர்ங்கற ஜீன் (1989ல கண்டுபிடிச்சது) அம்மாகிட்ட இருந்தும் அப்பாகிட்ட இருந்தும் பழுதாவே வந்தா சிஎஃப் வரும். செல்லுல இருந்து உப்பையும் பைகார்பனேட்டையும் வெளிய விடற கதவு அந்த ஜீன் செய்யற புரதம்தான், அது சரியா திறக்காதப்ப தண்ணியும் வெளிய வராது, சளி பிசினாட்டம் கெட்டியாகி அப்படியே ஒட்டிக்கும். வித்து அதுல வந்து உக்காந்தா யாரும் தள்ளி விட மாட்டாங்க. ஈரம், உடம்புச் சூடு, சாப்பாடு எல்லாம் ரெடி. ஆஸ்பர்ஜில்லஸ் ஃபூமிகேட்டஸ் உரக்குவியலுக்குள்ள 50 டிகிரி சூட்டுலயே வளர்ற ஜாதி, அதுக்கு 37 டிகிரியெல்லாம் சொகுசு.

இப்படி வந்து உக்காந்து, வளர்ந்து, ஆனா நுரையீரல் சதைக்குள்ள ஊடுருவாம சளியில மட்டும் இருக்கறதத்தான் காலனைசேஷன்னு சொல்றாங்க, தமிழ்ல குடியேற்றம்னு வெச்சுக்கலாம். வியாதின்னு உடனே சொல்லிட முடியாது. ஒரு தடவை வந்துட்டு அடுத்த கல்ச்சர்ல காணாமப் போறதும் உண்டு, அது வழிப்போக்கன். ஒரு வருஷத்துல ரெண்டு மூணு தடவை திரும்பத் திரும்ப வந்தாதான் குடியேறிடுச்சுன்னு எடுத்துக்குவாங்க, எத்தன தடவைங்கறதுல ஒவ்வொரு ஆய்வுக்கும் ஒரு கணக்கு இருக்கு, அதனாலதான் எத்தன சதவீதம் பேருக்கு இது இருக்குன்னு கேட்டா ஒவ்வொரு பேப்பர்லயும் ஒவ்வொரு நம்பர் வரும்.

லேப்ல இது எப்படித் தெரியும்னு ஒரு நிமிஷம் பாத்துடலாம், ரிப்போர்ட்ட படிக்கும்போது உதவும். சளிய ஒரு தட்டுல தடவி சூட்டுல வெப்பாங்க. பாக்டீரியா ஒரே நாள்ல தட்டு பூரா பரவிடும், பூஞ்சை மெதுவாதான் வரும். அதனால பூஞ்சைக்குன்னு தனியா, பாக்டீரியாவ அடக்கற மருந்து கலந்த தட்டு வெச்சு, நாள் கணக்குல காத்திருந்து பாக்கணும். முதல்ல வெள்ளையா பஞ்சு மாதிரி தெரியும், அப்புறம் நடுவுல இருந்து நீலமும் பச்சையும் கலந்த ஒரு சாம்பல் கலர் வெல்வெட் துணியாட்டம் படரும், ஓரம் மட்டும் வெள்ளையா நிக்கும். அதுதான் ஃபூமிகேட்டஸ். சில லேப்ல தனித்தட்டே போட மாட்டாங்க, சில தடவ பூஞ்சை இருக்கற சளிக்கட்டி அன்னிக்குத் துப்பின சளியில வந்திருக்காது. ஸோ ஒரு ரிப்போர்ட்ல இல்லன்னா நுரையீரல்லயே இல்லன்னு அர்த்தம் இல்ல, ஒரு ரிப்போர்ட்ல இருந்தா நிரந்தரம்னும் அர்த்தம் இல்ல.

ரிப்போர்ட்ல கேண்டிடான்னு இருந்தா? அது வேற கதை. கேண்டிடா அல்பிகன்ஸ் ஒரு ஈஸ்ட், நம்ம வாய்லயே சாதாரணமா இருக்கும், சளி வாய் வழியாதான வருது, அப்படியே ஒட்டிட்டு வந்துடும். ஸ்டீராய்டு பஃப்பால வாய்ல வெள்ளை வெள்ளையா படர்ற த்ரஷ் இதனாலதான் வருது, இதுல பஃப்போட பங்கு பத்தி சந்தேகமே இல்ல, யாரும் மறுக்கறதும் இல்ல. ஸ்பேசர் (பஃப்போட வாய்ல மாட்டற குழாய் மாதிரி டப்பா) வெச்சு இழுத்து, இழுத்து முடிச்சதும் வாய் கொப்பளிச்சுத் துப்பினா பெரும்பாலும் அடங்கிடும். வாய்ல வர்ற இந்தப் பூஞ்சைய வெச்சுகிட்டு நுரையீரல்லயும் அதேதான் நடக்குதுன்னு நிறைய பேர் நினைச்சுக்கறாங்க, ரெண்டையும் ஒண்ணாக்காதீங்க.

சரி, பஃப் எதுக்கு?

பியூடசனைடு, ஃப்ளூட்டிகசோன், பெக்லோமெத்தசோன் இந்த மூணும்தான் அடிக்கடி வர்ற பேர். ஆஸ்துமாவுக்கு இது உயிர் காக்கற மருந்து, அதுல ரெண்டாவது பேச்சே கிடையாது. சிஎஃப்ல இது எப்படி நுழைஞ்சதுன்னா, சிஎஃப் நுரையீரல்ல அழற்சி ரொம்ப ஜாஸ்தி, கிருமி கம்மியா இருக்கும்போதும் நியூட்ரோஃபில் கூட்டம் கூட்டமா வந்து மூச்சுக்குழாயவே அரிச்சிடும், அந்த அழற்சிய ஸ்டீராய்டு அடக்கினா நுரையீரல் கொஞ்ச நாள் கூட உழைக்குமேன்னு யோசிச்சாங்க. முதல்ல மாத்திரையாவே குடுத்துப் பாத்தாங்க, ஒரு நாள் விட்டு ஒரு நாள் பிரெட்னிசோன். நுரையீரலுக்கு நல்லது பண்ணிச்சு, ஆனா குழந்தைங்க வளர்த்தி நின்னுச்சு, சுகர் ஏறிச்சு, கண்புரை வந்துச்சு, அதனால கைவிட்டாங்க. அப்ப மாத்திரைக்குப் பதிலா நேரா நுரையீரலுக்கே பஃப்பா குடுத்தா பக்கவிளைவு கம்மியா இருக்குமேங்கறது அடுத்த யோசனை. யோசனை நியாயமானதுதான்.

ஆனா சோதிச்சுப் பாத்தப்ப பெரிய பலன் தெரியல. இதுல எனக்குப் பிடிச்ச ஆய்வு 2006ல பிரிட்டன்ல இருந்து வந்த ஒண்ணு, ஏன்னா அவங்க கேள்விய திருப்பிப் போட்டாங்க, குடுத்தா என்ன ஆகும்னு கேக்காம நிறுத்தினா என்ன ஆகும்னு கேட்டாங்க. ஏற்கனவே ஸ்டீராய்டு பஃப் எடுத்துட்டு இருந்த 171 சிஎஃப் நோயாளிங்க, பாதிப் பேருக்கு மருந்து இருக்கற பஃப், பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் பஃப், யாருக்கு எதுன்னு டாக்டருக்கும் தெரியாது நோயாளிக்கும் தெரியாது, ஆறு மாசம் பாத்தாங்க. நிறுத்தினவங்களுக்கு அதிகமா நெஞ்சுத் தொந்தரவு வந்துச்சா, நுரையீரல் திறன் விழுந்துச்சான்னா, பெரிய வித்தியாசம் இல்ல. அடுத்த வருஷம், 2007ல, அமெரிக்காவோட சிஎஃப் ஃபவுண்டேஷன் வழிகாட்டுதல்ல ஆறு வயசும் அதுக்கு மேலயும் இருக்கறவங்களுக்கு ஆஸ்துமாவோ ஏபிபிஏவோ (இது என்னன்னு கீழ சொல்றேன்) இல்லன்னா ஸ்டீராய்டு பஃப்ப வழக்கமா குடுக்க வேணாம்னே எழுதிட்டாங்க.

அப்படி இருந்தும் நிறைய பேர் இன்னும் எடுத்துட்டுதான் இருக்காங்க. காரணம் எளிசு. சிஎஃப்ல வீசிங் சத்தம் வரும், அது ஆஸ்துமாவா இல்ல சளி அடைச்ச சத்தமான்னு பிரிக்கறது கஷ்டம், சின்னப் புள்ளைங்ககிட்ட இன்னும் கஷ்டம், சும்மா ஒரு பஃப் குடுத்துப் பாப்போம்னு ஆரம்பிப்பாங்க. ஆரம்பிச்சது யாருக்கும் ஞாபகம் இருக்காது, நிறுத்தறதுக்குன்னு யாரும் நாள் குறிச்சிருக்க மாட்டாங்க, பிரிஸ்கிரிப்ஷன்ல வருஷா வருஷம் காப்பி ஆயிட்டே வரும். என்னைக் கேட்டா இந்த விஷயத்துல பூஞ்சைய விட இந்தக் கவனக்குறைவுதான் பெரிய பிரச்சனை.

ஸ்டீராய்டு பூஞ்சைக்கு உதவுதா?

லேப்ல பாத்தா, ஆமா. மேக்ரோஃபேஜ் வித்த முழுங்கினதும் உள்ள ஆக்சிஜன்ல இருந்து தயாராகற கடுமையான ரசாயனத்தால அத கொல்லும், ஸ்டீராய்டு இருந்தா முழுங்கறது நடக்கும் ஆனா கொல்றது மந்தமாயிடும், வித்து உள்ளயே முளைச்சு வெளிய வந்துடும். நியூட்ரோஃபிலோட வேலையும் இதே மாதிரி குறையும். இதுல இன்னொரு ஆச்சரியமும் இருக்கு: 1994ல வந்த ஒரு ஆய்வுல, எதிர்ப்பு செல் எதுவுமே இல்லாத வெறும் வளர்ப்புக் கரைசல்ல ஹைட்ரோகார்டிசோன் சேத்தப்ப ஆஸ்பர்ஜில்லஸ் வளர்ற வேகமே 30 சதவீதத்துக்கு மேல கூடிச்சு. அதாவது ஸ்டீராய்டு நம்ம ஆளுங்கள தூங்க வைக்கறது மட்டும் இல்ல, எதிராளிக்கு நேரா தீனியும் போடுது.

ரத்தப் புற்றுநோய்க்கோ உறுப்பு மாற்றத்துக்கோ அதிக டோஸ்ல மாத்திரையாவோ ஊசியாவோ ஸ்டீராய்டு எடுக்கறவங்களுக்கு ஆஸ்பர்ஜில்லஸ் சதைக்குள்ளயே புகுந்து உயிருக்கே ஆபத்தாகறது தெரிஞ்ச விஷயம். பஃப்ல போறது மைக்ரோகிராம் கணக்கு, அத இதோட ஒப்பிட முடியாது. ஆனா அந்த மைக்ரோகிராம் போய் இறங்கறது வித்து உக்காந்திருக்கற அதே மூச்சுக்குழாய்லதான்ங்கறத மறந்துடக்கூடாது. பெரும்பாலும் சிகரெட்டால வர்ற சிஓபிடிங்கற நாள்பட்ட மூச்சடைப்பு நோய் இருக்கறவங்ககிட்ட 2007ல வந்த டார்ச்னு ஒரு பெரிய சோதனையில ஃப்ளூட்டிகசோன் பஃப் எடுத்தவங்களுக்கு நிமோனியா அதிகமா வந்துச்சு, ஸோ பஃப்பால நுரையீரலோட தற்காப்பு கொஞ்சம் தளரும்ங்கறது வெறும் கற்பனை இல்ல.

இப்ப நிஜமான சிஎஃப் நோயாளிங்ககிட்ட வருவோம். பழைய ரெக்கார்டுகள புரட்டிப் பாத்த ஆய்வுகள் சிலதுல ஸ்டீராய்டு பஃப் எடுத்தவங்க சளியில, அதுவும் ரொம்ப நாள் எடுத்தவங்க சளியில, ஆஸ்பர்ஜில்லஸ் அதிகமா வந்திருக்கு. வேற சிலதுல இந்தத் தொடர்பு அவ்வளவா தெரியல. இங்கதான் கொஞ்சம் நிதானிக்கணும். பஃப் யாருக்குக் குடுப்பாங்க? வீசிங் அதிகமா இருக்கறவங்களுக்கு, நுரையீரல் ஏற்கனவே மோசமா இருக்கறவங்களுக்கு. பூஞ்சை யாருக்கு அதிகமா வரும்? அதே ஆளுங்களுக்குத்தான், ஏன்னா அவங்க மூச்சுக்குழாய் ஏற்கனவே விரிஞ்சு சளி தேங்கி நிக்குது. இன்னும் ஒரு படி மேல போனா, பூஞ்சை முதல்ல வந்து, அதனால வீசிங் வந்து, அந்த வீசிங்குக்காகவே பஃப் குடுத்திருக்கலாம், கல்ச்சர்ல பூஞ்சை தெரிய வந்தது மட்டும் அப்புறமா இருக்கலாம். குடை பிடிச்சிருக்கறவங்க நிறைய பேர் நனைஞ்சிருக்காங்க, அதனால குடைதான் நனைக்குதுன்னு சொன்னா எப்படி இருக்கும், அந்த மாதிரி ஆயிடும். யார் யார்க்கு பஃப் குடுக்கணும்னு சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பிரிச்சு வருஷக்கணக்கா சளிய எடுத்துப் பாத்தாதான் முடிவா சொல்ல முடியும்.

பஃப் தவிர இன்னும் ரெண்டு ஆசாமிங்க இதுல இருக்காங்க. ஒண்ணு வயசு, குழந்தைங்கள விட பதின்ம வயசுலயும் அதுக்கு மேலயும் பூஞ்சை அதிகம். இன்னொண்ணு ஆன்டிபயாட்டிக். சூடோமோனாஸ்ங்கற பாக்டீரியாவ அடக்க நெபுலைசர்ல டோப்ராமைசின், மாத்திரையா அசித்ரோமைசின்னு சிஎஃப்ல ஆன்டிபயாட்டிக் இல்லாத மாசமே கிடையாது, பாக்டீரியா இடத்த காலி பண்ணினா அந்த இடத்துக்குப் பூஞ்சை வரும்னு ஒரு கணிப்பு, சில ஆய்வுகள்ல அதுக்கு ஆதாரமும் இருக்கு. ஆன்டிபயாட்டிக்க யாரும் குறை சொல்லி நிறுத்த முடியாது, அதோட பலன் சந்தேகத்துக்கு இடமில்லாதது. பஃப்போட பலன் அப்படி இல்ல. கேள்வி கேக்கணும்னா அதனாலதான் பஃப்ப நோக்கிக் கேக்கறோம்.

ஏபிபிஏ: ஸ்டீராய்டே மருந்தாகற இடம்

இங்க கதை தலைகீழா திரும்பும். சிலருக்கு மூச்சுக்குழாய்ல உக்காந்திருக்கற ஆஸ்பர்ஜில்லஸ் மேல உடம்புக்கு பயங்கர அலர்ஜி வந்துடும். இதுக்குப் பேரு அலர்ஜிக் பிராங்கோபல்மனரி ஆஸ்பர்ஜில்லோசிஸ், சுருக்கமா ஏபிபிஏ. 1952ல பிரிட்டன்ல முதல் முதலா விவரிச்சாங்க. ஆஸ்துமா இருக்கறவங்களுக்கும் சிஎஃப் இருக்கறவங்களுக்கும்தான் பெரும்பாலும் வரும், சிஎஃப்ல நூத்துல பத்து பேர் பக்கம்னு ஒரு பொதுவான கணக்கு. வீசிங் கூடும், பழுப்புக் கலர்ல கட்டி கட்டியா சளி வரும், எக்ஸ்ரேல புதுசா நிழல் விழும், ஆன்டிபயாட்டிக் எத்தன குடுத்தாலும் சரியாகாது. ரத்தத்துல ஐஜிஈங்கற அலர்ஜி புரதம் எகிறும், முன்னாடி 1000 யூனிட்டுக்கு மேல இருந்தாதான்னு வெச்சிருந்தாங்க, 2024ல திருத்தின சர்வதேச வழிகாட்டுதல்ல அத 500ன்னு இறக்கிட்டாங்க. நம்பர் மட்டும் போதாது, ஆஸ்பர்ஜில்லஸுக்குன்னு தனியா ஐஜிஈ, ஸ்கேன், அறிகுறி எல்லாம் சேத்துதான் முடிவு பண்ணுவாங்க.

இதுக்கு முக்கியமான மருந்து என்ன தெரியுமா, ஸ்டீராய்டுதான், பிரெட்னிசோலோன் மாத்திரை, வாரக்கணக்குல, மாசக்கணக்குல. ஏன்னா இங்க கெடுதல் பண்றது பூஞ்சைய விட பூஞ்சைய பாத்து உடம்பு ஆடற ஆட்டம். கூடவே பூஞ்சை அளவ குறைக்க இட்ரகோனசோல் மாதிரி ஒரு பூஞ்சை மருந்தும் குடுப்பாங்க. பஃப் மட்டும் வெச்சுகிட்டு ஏபிபிஏவ சமாளிக்க முடியாது, அது பத்தாது. ஆக ஒரே பூஞ்சை, ஒருத்தருக்கு ஸ்டீராய்டக் குறைக்கணும், இன்னொருத்தருக்கு ஸ்டீராய்ட ஏத்தணும். இணையத்துல யாரோ ஒருத்தர் நான் நிறுத்தினேன் சரியாச்சுன்னு எழுதறத பாத்து இன்னொருத்தர் நிறுத்தக்கூடாதுன்னு சொல்றது இதனாலதான்.

யாரும் முன்கூட்டி சொல்லாத ஆபத்து: பூஞ்சை மருந்தும் பஃப்பும் சேரும்போது

இந்தக் கட்டுரையில ஒரே ஒரு பகுதிதான் படிப்பேன்னா இதப் படிங்க.

பியூடசனைடு, ஃப்ளூட்டிகசோன் பஃப்ல இழுக்கும்போது ஒரு பங்கு தொண்டையில ஒட்டி வயித்துக்குப் போகும், நுரையீரல்ல இறங்கினதும் கொஞ்சம் ரத்தத்துல கலக்கும். சாதாரணமா அத கல்லீரல் உடனே உடைச்சுடும், சிப் 3ஏ4ங்கற என்சைம்தான் அந்த வேலைய பாக்குது. பஃப் பத்திரமான மருந்துன்னு பேர் எடுத்ததுக்கே அந்த என்சைம்தான் பெரிய காரணம். இட்ரகோனசோல் அந்த என்சைமையே முடக்கிப் போட்டுடும். வோரிகோனசோல், போசகோனசோலும் இதே கூட்டம்தான். இப்ப அதே ரெண்டு பஃப்தான் இழுக்கறீங்க, ஆனா உடையாம ரத்தத்துல சேந்துட்டே போகுது, மாத்திரை ஸ்டீராய்டு எடுத்த மாதிரி ஆயிடும். வெளிய இருந்து இவ்வளவு ஸ்டீராய்டு வருதேன்னு சிறுநீரகத்து மேல இருக்கற அட்ரினல் சுரப்பி தன் வேலைய நிறுத்திடும். 2002ல டென்மார்க்ல இருந்து வந்த ஒரு ஆய்வுல இட்ரகோனசோலும் பியூடசனைடு பஃப்பும் சேத்து எடுத்த 25 சிஎஃப் நோயாளிங்கள சோதிச்சாங்க, 11 பேருக்கு அட்ரினல் சுரப்பி சரியா வேலை செய்யல. கிட்டத்தட்ட பாதி.

இது வெளிய எப்படித் தெரியும்னா, முகம் உருண்டையாகும், வயிறு போடும், தோல்ல சிவப்பா கோடு விழும், லேசா இடிச்சாலே கன்னிப்போகும். இதுல ஒரு கொடுமை என்னன்னா, சிஎஃப் இருக்கற புள்ள வெயிட் போடறதுங்கறது அந்த வீட்ல எல்லாரும் ஏங்கற விஷயம், கன்னம் உப்பினா அப்பாடா உடம்பு தேறிடுச்சுன்னு சந்தோஷப்படுவாங்க, யாரும் சந்தேகமே பட மாட்டாங்க. உயரமும் கூடவே ஏறுதான்னு பாருங்க, வெயிட் ஏறி உயரம் நின்னா அது தேறின உடம்பு இல்ல. சிஎஃப்ல வர்ற சுகரும் இதனால மோசமாகும். அப்புறம் திடீர்னு பஃப்ப நிறுத்தினாலோ, காய்ச்சல், ஆபரேஷன்னு உடம்புக்கு ஸ்ட்ரெஸ் வந்தாலோ, தூங்கிட்டு இருக்கற அட்ரினலால ஈடு குடுக்க முடியாது, ரொம்ப சோர்வு, வாந்தி, தலைசுத்தல், பிரஷர் விழறது, சுகர் இறங்கறதுன்னு ஆஸ்பத்திரிக்கு ஓடற நிலைமை வரும். நான் ஆரம்பத்துலயே நீங்களா நிறுத்தாதீங்கன்னு சொன்னது இதுக்காகத்தான்.

பூஞ்சை மருந்து எழுதும்போதே டாக்டர்கிட்ட "நான் இந்த பஃப் எடுக்கறேன்"னு பேரோட சொல்லுங்க, ஏன்னா பஃப்ப மருந்துன்னே கணக்குல எடுத்துக்காதவங்க நிறைய, என்னென்ன மாத்திரை எடுக்கறீங்கன்னு கேட்டா மாத்திரை பேர மட்டும்தான் சொல்வாங்க. பஃப் கட்டாயம் வேணும்னா பெக்லோமெத்தசோனுக்கு மாத்தறது ஒரு வழி, அது உடையறதுக்கு இந்த என்சைம அவ்வளவா நம்பி இல்ல. இல்லன்னா அட்ரினல் சரியா இருக்கான்னு காலைல கார்டிசால் (அட்ரினல் சுரக்கற ஹார்மோன்) ரத்தப் பரிசோதனை பண்ணிப் பாத்துட்டே போகலாம். சிஎஃப்டிஆர் புரதத்தயே சரி பண்ற புது மாத்திரைங்க, ஐவகாஃப்டர், அப்புறம் 2019ல அமெரிக்காவுல அனுமதி வாங்கின எலக்சகாஃப்டர் கலந்த மூணு மருந்து கூட்டு, இதுங்களும் அதே என்சைம் வழியாதான் உடையுது, ஸோ பூஞ்சை மருந்து சேரும்போது இதுங்க டோஸையும் குறைச்சாகணும். லூமகாஃப்டர் மட்டும் எதிர்ப்பக்கம், அது என்சைம முடுக்கிவிட்டு பூஞ்சை மருந்தயே வேலை செய்ய விடாம பண்ணிடும்.

அப்ப குடியேறின பூஞ்சைய மருந்து போட்டு விரட்டணுமா?

எல்லாருக்கும் வேணாம். கனடாவுல 2012ல வெளிவந்த ஒரு சோதனையில ஆஸ்பர்ஜில்லஸ் நிரந்தரமா குடியேறியிருந்த 35 சிஎஃப் நோயாளிங்களுக்கு 24 வாரம் இட்ரகோனசோல் இல்லன்னா மருந்தே இல்லாத வெறும் மாத்திரை குடுத்துப் பாத்தாங்க, பெருசா பலன் தெரியல. இதுல ஒரு உள்குத்து இருக்கு, மருந்து எடுத்தவங்கள்ல நிறைய பேருக்கு ரத்தத்துல மருந்து தேவையான அளவே ஏறல. இட்ரகோனசோல் கேப்சூல் கரைய வயித்துல அமிலம் வேணும், சிஎஃப்ல அமிலத்தக் குறைக்கற மாத்திரை நிறைய பேர் எடுக்கறாங்க, ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சண்டை. கேப்சூல்னா சாப்பாட்டோட, திரவமா வர்றதுன்னா வெறும் வயித்துல, இந்த ஒரு விஷயத்த மாத்திப் பண்ணினாலே மருந்து வீண். அதனால இந்த மருந்து குடுத்தா ரத்தத்துல அளவு பாக்கறது அவசியம்.

பொதுவா எப்படிப் பாக்கறாங்கன்னா, பூஞ்சை வந்தும் ஆளு நல்லா இருந்தா, ஊதிப் பாக்கற டெஸ்ட்ல நுரையீரல் திறன் விழலன்னா, ஐஜிஈ ஏறலன்னா, கவனிச்சுட்டே இருப்பாங்க. திறன் விழுந்துட்டே வருது, ஆன்டிபயாட்டிக் கேக்கல, வேற காரணமும் கிடைக்கலன்னா பூஞ்சை மருந்து போட்டுப் பாப்பாங்க. நுரையீரல் மாற்று சிகிச்சைக்குக் காத்திருக்கறவங்க கணக்கு மட்டும் தனி, ஆபரேஷனுக்கு அப்புறம் எதிர்ப்பு சக்திய வேணும்னே அடக்குவாங்கங்கறதால, அதுவரைக்கும் சும்மா இருந்த பூஞ்சை அப்ப சும்மா இருக்காது. ஸ்கெடோஸ்போரியம், லோமெண்டோஸ்போரான்னு வேற பூஞ்சைங்க பேர் ரிப்போர்ட்ல வந்தா அத ஆஸ்பர்ஜில்லஸ விட சீரியஸா எடுத்துக்குவாங்க, அதுங்க மேல மருந்து அவ்வளவா வேலை செய்யாது.

வீட்ல பண்ண முடிஞ்சது கம்மிதான். வித்து இல்லாத காத்துன்னு ஒண்ணு கிடையாது. ஆனா உரக்குவியல கிளறறது, பழைய வைக்கோல உதறறது, பூசணம் பிடிச்ச சுவர சுரண்டறது இதெல்லாம் ஒரே மூச்சுல லட்சக்கணக்குல வித்த இழுக்கற வேலை, அத வேற யாராவது பண்ணட்டும். நெபுலைசர் கப்ப கழுவிட்டு முழுசா காய வைங்க, ஈரத்தோட டப்பாவுல போட்டு மூடாதீங்க. சளி எடுக்கற பயிற்சிய விடாதீங்க, வித்து உக்கார்றதே தேங்கின சளியிலதான.

டாக்டர்கிட்ட போகும்போது பஃப்போட டப்பாவையே கையில எடுத்துட்டுப் போங்க, டோஸ் அதுல எழுதியிருக்கும். எப்ப ஆரம்பிச்சது, அப்ப என்ன தொந்தரவு இருந்துச்சு, இழுத்த பிறகு ஊதற டெஸ்ட்ல நம்பர் ஏறிச்சா, வீட்ல யாருக்காவது ஆஸ்துமா இருக்கா, கடைசியா ஐஜிஈ எப்ப பாத்தது, இத்தனையும் கேட்டுப் பாருங்க. ஆஸ்துமா நிஜமாவே இருக்குன்னா பஃப் இருக்கட்டும், குறைஞ்ச டோஸ் போதுமான்னு மட்டும் பாக்கலாம். ஆஸ்துமாவுக்கு எந்த ஆதாரமும் இல்ல, இழுத்தும் ஒரு மாத்தமும் இல்லன்னா, அவரே படிப்படியா குறைச்சு நிறுத்தி, அடுத்த சில மாசம் நுரையீரல் திறனையும் சளி கல்ச்சரையும் பாத்துட்டு இருப்பார். நிறுத்தின பிறகும் பூஞ்சை வரலாம். அப்படி வந்தா, அதுக்குக் காரணம் பஃப் மட்டும் இல்லன்னு உங்களுக்குத் தெரிஞ்சுடும், அடுத்தது ஐஜிஈயும் ஸ்கேனும்தான்.